காவலர்க்கு இடம் அளிப்பது யார் பொறுப்பு?

கோலசிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஈஜோக் வட்டாரம் நெடுங்காலம் ரப்பர்த் தோட்டங்களாலும், பின்னர்ச் செம்பனைத் தோட்டங்களாலும் அறியப்பட்டது. இன்று அதன் தோற்றம் வேறு. தெற்கே புஞ்சாக் ஆலம் புதுநகராக வளர்ந்து, பல்கலைக்கழக வளாகம் ஒன்றையும் பெற்றுள்ளது. ஈஜோக்கைத் தெம்ப்ளர் வனப் பகுதியோடு இணைக்கும் விரைவுச்சாலை 2011-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பத்தாங் பெர்ஜுந்தை என்னும் பழைய ஊரும் 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. தோட்டத்து லயங்கள் இருந்த நிலங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுகின்றன.

வீடுகள் பெருகும் இடத்தில் பள்ளியும் மருந்தகமும் காவல் நிலையமும் உடன் வளர வேண்டும். பள்ளியில் இடம் போதவில்லையெனில் பெற்றோர் அதனை முதல் நாளே அறிந்துவிடுவர். காவல் நிலையத்தில் இடம் போதாமையோ அவ்வாறு எளிதில் தெரிவதில்லை. திருட்டோ அடிதடியோ நேர்ந்து, முறையிடச் செல்லும் அன்றுதான் ஒருவர் அதனைக் காண்கிறார்.

அவர் காண்பது என்ன? மேசை ஒன்றே, அதனருகில் காத்திருப்போர் பலர். கணவனால் அடிபட்ட பெண் தன் துயரத்தைச் சொல்லும்போது, பின்னால் நிற்கும் அயலார் அனைவரும் கேட்கின்றனர். முறையீடு செய்தவரும் முறையிடப்பட்டவரும் ஒரே விசுப்பலகையில் அமர நேர்கிறது. விசாரணை அதிகாரிக்குத் தனி அறை இல்லை. பறிமுதல் செய்த பொருள்கள் நடைவழியில் கிடக்கின்றன. இத்தகைய நிலையத்தில் அல்லற்படுவோர் காவலர் மட்டுமல்லர். பலர் முன்னிலையில் பேசக் கூசுகின்ற எளியவர் பேசாமலே திரும்பிவிடுவர். ஆகவே, காவல் துறைக்கு இடம் அளிப்பது என்பது அத்துறையின் வசதியைப் பற்றிய செய்தியாக மட்டும் நில்லாது, குடிமக்களின் நீதியைப் பற்றிய செய்தியும் ஆகின்றது.

அவ்விடத்தை அளிக்க வேண்டியவர் யார்? ஊராட்சி மன்றம் என்பர் சிலர். மாநில அரசு என்பர் வேறு சிலர். கூட்டரசு என்பாரும் உளர். இம்மூன்று விடைகளும் உலகில் வெவ்வேறு இடங்களில் உண்மையே. எவர் கூலி தருகின்றாரோ அவரே கூரையும் தருவார் என்பது இதில் காணப்படும் பொது விதி.

பழந்தமிழ் நாட்டில்

இவ்விதி தமிழருக்குப் புதிதன்று. சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்னும் சொல் பல இடங்களில் வருகின்றது. பாடி என்பது ஊர். ஊரைக் காப்பதற்காக மக்களிடம் பெறப்பட்ட வரி பாடிகாவல். காவலின் செலவு காக்கப்படும் ஊரின்மீதே விழுந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று. பிற்காலத்துத் தலையாரியும் ஊரோடு ஒட்டியவனே. அவன் தன் வீட்டிலேயே வாழ்ந்தான். தனி நிலையம் ஒன்று அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

மலாய் மொழியிலும் இரு பழஞ்சொற்கள் உள்ளன. காவலரை மக்கள் ‘மாத்தா மாத்தா’ என்றனர். ‘மாத்தா’ என்பது கண்ணைக் குறிக்கும் சொல். காவல் நிலையத்தை ‘ரூமா பாசோங்’ என்றனர். ‘பாசோங்’ என்பது குற்றவாளியின் காலை மாட்டிவைக்கும் தொழுமரம். காவலர் என்றால் பார்க்கும் கண். நிலையம் என்றால் தொழுமரம் உள்ள வீடு. முறையிட வருவோர்க்கென ஓர் இடம் அப்பெயரில் இல்லை என்பது கருதத்தக்கது. இன்றைய நிலையம் கட்டுவோர் முதலில் எண்ண வேண்டிய இடமும் அதுவே.

மன்றமே காவலை நடத்தும் நாடுகள்

இங்கிலாந்தில் 1835-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம், நகர மன்றங்கள் தத்தம் காவற்படையை அமைக்க வேண்டும் என்று விதித்தது. மன்ற உறுப்பினர்கள் அடங்கிய காவற்குழு ஒன்று அப்படையை மேற்பார்த்தது. அமெரிக்காவிலும் இம்முறையே வேரூன்றியது. அங்குச் சட்டக் காவல் அமைப்புகள் ஏறத்தாழ 18,000 உள்ளன. அவற்றுள் மிகப்பல சிறு நகரங்களுக்கு உரியவை. அந்நகரங்களில் காவல் நிலையம் நெருக்கடியானால் நகர மன்றமே கூடி ஆராய வேண்டும். புதிய கட்டடத்திற்காகக் கடன் எழுப்பலாமா என்று பல நகரங்களில் வாக்காளரையே கேட்கின்றனர். மக்கள் ‘வேண்டாம்’ என்று வாக்களித்தால், காவலர் பழைய இடத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

இதற்கு இக்காலத்து நல்ல எடுத்துக்காட்டு இலண்டன் மாநகரின் நடுவே உள்ள ‘சிட்டி’ என்னும் பழம்பகுதி. ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்புள்ள அப்பகுதிக்குத் தனி மன்றம் உண்டு; 1839-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனிக் காவற்படையும் அமைந்தது. அம்மன்றமே அப்படையின் அதிகார அமைப்பு. 1960-களில் உட் ஸ்திரீட்டில் கட்டிய நிலையத்தில் குதிரை இலாயமும், மணமாகாத காவலர் தங்கும் அறைகளும் இருந்தன. காலம் மாறியது. இணையவழி மோசடியை ஆராயும் அதிகாரிக்கு வேண்டியவை கணிப்பொறியும் மின்வசதியுமே. இலாயத்தால் அவருக்குப் பயனில்லை.

மன்றத்தின் முன் வழிகள் சில இருந்தன. பழைய நிலையங்களைப் பழுதுபார்க்கலாம். வாடகைக்கு இடம் எடுக்கலாம். பழையனவற்றைக் கைவிட்டுப் புதிதாக ஒரே இடத்தில் கட்டலாம். மன்றம் மூன்றாவது வழியைத் தேர்ந்தது. பிளீட் ஸ்திரீட்டை ஒட்டிய சாலிஸ்பரி சதுக்கத்தில், காவல் தலைமையகமும் 18 நீதிமன்ற அறைகள் கொண்ட கட்டடமும் அமைக்கும் திட்டத்திற்கு 2021-ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது. பழங்கட்டடங்களை இடிப்பதற்கு எதிர்ப்பும் எழுந்தது. எனினும், எதிர்த்தவர்க்குத் தாம் சென்று முறையிட வேண்டிய மன்றம் எது என்பது தெரிந்திருந்தது. மன்றமே காவலுக்கு இடம் தரும் முறையின் நன்மை இதுவே.

காகிதம் நிறைந்த மாளிகை

சிட்டியைச் சூழ்ந்த பெருநகர் இலண்டனின் காவற்படையோ மன்றத்தால் பிறந்ததன்று. 1829-ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்தது. அதன் முதல் அலுவலகம் வைட்ஹால் பிளேஸ் 4-ஆம் எண் வீடு. அதன் பின்புறம் ‘ஸ்காட்லாந்து யார்டு’ என்னும் தெருவை நோக்கி இருந்ததால், தெருவின் பெயரே படைக்கும் வழங்கலாயிற்று. தொடக்கத்தில் ஏறத்தாழ 1,000 பேர் இருந்த படை, 1890-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 13,000 பேராகப் பெருகியது. இடம் போதாதபோதெல்லாம் பக்கத்து வீட்டை எடுத்துக்கொண்டனர். அதுவும் போதாது அடுத்த வீடு. பின்னர் அதற்கும் அடுத்தது. பதிவேடுகளும் பொருள்களும் மாடிப்படி வரை நிறைந்தன.

இசைநாடக அரங்கு ஒன்றிற்காகத் தேம்ஸ் கரையில் அடித்தளம் இட்டுக் கைவிடப்பட்ட நிலத்தில், நார்மன் ஷா என்னும் கட்டடக் கலைஞர் புதிய தலைமையகத்தை எழுப்பினார். 1890-இல் குடிபுகுந்தனர், சில ஆண்டுகளிலேயே அதுவும் போதாமல் அருகில் மற்றொன்று கட்ட வேண்டியதாயிற்று. 1967-இல் மீண்டும் இடம் மாறினர். அந்த உயர்ந்த கட்டடத்தையும் 2014-இல் 37 கோடி பவுனுக்கு விற்று, 2016-இல் தேம்ஸ் கரையில் முன்னதைவிடச் சிறிய கட்டடம் ஒன்றிற்குத் திரும்பினர்.

இவ்வரலாற்றில் இரண்டு பாடங்கள் உள்ளன. இன்றைய தலைக்கணக்கைப் பார்த்துக் கட்டிய கட்டடம் நாளைக்குப் போதாது என்பது ஒன்று. நெருக்கடிக்குக் காரணம் ஆள்களா, பொருள்களா என்று முதலில் ஆராய வேண்டும் என்பது மற்றொன்று. பதிவேடுகளை அகற்றினாலே சில அறைகள் கிடைக்கும். ஆயினும், முறையீடு கேட்கும் அறையை எக்கணிப்பொறியும் பதிலாகத் தந்துவிடாது.

சென்னையும் சிங்கப்பூரும்

சென்னை நகரக் காவல் அலுவலகம் எழும்பூர்ப் பாந்தியன் சாலையில் அமைந்தது 1842-ஆம் ஆண்டில். அருணகிரி முதலியார் என்பவருக்கு உரிய வீட்டை மாதம் 165 ரூபாய் வாடகைக்கு எடுத்தனர். பின்னர் அதனை விலைக்கு வாங்கினர். வாடகை வீட்டில் தொடங்கிய அலுவலகம் 170 ஆண்டுக்கு மேல் அவ்விடத்திலேயே இருந்தது. நகரம் பன்மடங்கு பெருகிய பின்னரே, 2013-இல், வேப்பேரியில் எழுந்த பல மாடிக் கட்டடத்திற்கு ஆணையர் அலுவலகம் மாறியது. பழைய கட்டடத்தை இடித்துவிடவில்லை. 2021-இல் அது காவல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

இம்மாற்றத்தில் சென்னை மாநகராட்சிக்குப் பங்கில்லை. 1688-ஆம் ஆண்டில் தோன்றிய பழம்பெரும் மாநகராட்சிக்கு ஏன் பங்கில்லை என்று கேட்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், நகரங்களின் காவற்செலவை நகராட்சிகளே ஏற்றிருந்தன. ரிப்பன் பிரபு ஆட்சியில், 1881, 1882-ஆம் ஆண்டுகளில், அச்சுமையை நகராட்சிகளின் தோளிலிருந்து இறக்கி, கல்வி, மருத்துவம் போன்றவற்றை அவற்றிடம் ஒப்படைக்கும் கொள்கை வகுக்கப்பட்டது. செலவு நீங்கியபோது சொல்லுரிமையும் நீங்கியது. இந்திய அரசியலமைப்பில் இன்று காவல் மாநிலப் பட்டியலில் உள்ளது. காவலர் குடியிருப்புகளைக் கட்டுவதற்கென்றே தமிழக அரசு 1981-இல் காவலர் வீட்டுவசதிக் கழகம் ஒன்றை அமைத்தது.

குடியிருப்பையும் நிலையத்தையும் ஒரே கூரையின்கீழ் அமைத்ததற்குச் சிங்கப்பூரின் ஹில் ஸ்திரீட் நிலையம் எடுத்துக்காட்டு. 1934-இல் திறக்கப்பட்ட அவ்வாறு மாடிக் கட்டடம் 927 சாளரங்கள் கொண்டது. கீழே அலுவல் நடந்தது. அதே கட்டடத்தில் காவலர்களும் அவர்தம் குடும்பத்தினரும் வாழ்ந்தனர். அழைத்தவுடன் ஆள்கள் வருவர் என்பது ஆட்சியாளர்க்கு நன்மை. பணி முடிந்தாலும் பணியிடம் விட்டு நீங்காமை காவலர்க்குத் துன்பம். 1980-இல் காவல் துறை அக்கட்டடத்தை விட்டு நீங்கியது. 1998-இல் அது தேசிய நினைவுச்சின்னமாயிற்று.

மலாயாவின் அனுபவம்

மலாயாவில் காவலர்க்கு இடம் தேடும் இடர் திடீரெனப் பெருகியது அவசரகாலத்தில். 1948-ஆம் ஆண்டு நடுவில் ஏறத்தாழ 10,000 பேராக இருந்த படைக்குத் துணையாக, சில மாதங்களிலேயே ஏறத்தாழ 30,000 சிறப்புக் காவலர் சேர்க்கப்பட்டனர். அவருள் மிகப்பலர் தோட்டங்களையும் சுரங்கங்களையும் காத்து நின்றவர்கள். 1950-க்குப்பின் ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டபோது, அங்கெல்லாம் காவற்சாவடிகள் எழுந்தன. அவை மக்கள் எளிதில் வந்து முறையிடுவதற்காகக் கட்டப்பட்டவையல்ல. முள்வேலியும் மணல் மூட்டையும் சூழ, தாக்குதலை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை.

இந்நிலையை மாற்ற முயன்றவர் ஆர்தர் யங். 1952-இல் மலாயாக் காவற்படையின் ஆணையராக வந்த அவர், மேலே கூறிய இலண்டன் சிட்டிக் காவற்படையின் தலைவர். ஓர் ஊர் மன்றத்துக்குப் பதில் சொல்லும் படையை நடத்தியவர். அவ்வாண்டு இறுதியில் ‘சேவை இயக்கம்’ ஒன்றைத் தொடங்கி, காவலர் மக்களுக்குத் தொண்டர் என்னும் எண்ணத்தைப் பரப்பினார்.

அரை நூற்றாண்டுக்குப் பின், துன் முகமது சைதீன் அப்துல்லா தலைமையில் அமைந்த அரச ஆணையம் மலேசியக் காவற்படையை முழுதும் ஆராய்ந்து, 2005-இல் 125 பரிந்துரைகளை வழங்கியது. படையின் ஒழுக்கத்தையும் தடுப்பறை நிலையையும் ஆராய்ந்த அவ்வாணையம், காவலரின் குடியிருப்பையும் நிலையக் கட்டடங்களையும் சேர்த்தே ஆராய்ந்தது. இஃது அறிவுடைய செயல். தடுப்பறை மரணங்கள் மலேசியத் தமிழரிடையே நீண்டகாலமாகத் துயரத்தையும் கேள்விகளையும் எழுப்பி வருபவை. அவற்றிற்குக் கட்டடக் குறை ஒரு சாக்கு ஆகாது. ஆனால், நோயுற்றவரைத் தனியே வைக்க அறையும், மருத்துவர் வந்து பார்க்க இடமும், எவரும் காணாத மூலையில்லாத அமைப்பும் இருந்தால் தவறுக்கு இடம் குறையும். தவறு செய்தவர் மறைந்துகொள்ளவும் இயலாது.

தோட்டத்தில் வாழ்ந்தவர்க்குக் காவலரின் குடியிருப்புத் துன்பம் எளிதில் விளங்கும். வேலை உள்ளவரை வீடு. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். லயத்து வீட்டின் இந்நியதியே அரசுக் குடியிருப்பில் வாழும் காவலர்க்கும் உரியது. ஓய்வு பெறும் நாளில் தலைக்கு மேல் கூரை எங்கே என்னும் கவலை இருவர்க்கும் ஒன்றே.

ஈஜோக் மக்கள் எந்தக் கதவைத் தட்டுவது?

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை அதிகாரங்களைப் பகுத்துத் தருகின்றது. காவல் கூட்டரசுக்கு உரியது. நிலமும் ஊராட்சியும் மாநிலத்துக்கு உரியவை. ஆகவே, ஒரு காவல் நிலையம் எழுவதற்குப் பணமும் ஆளும் கூட்டரசிடமிருந்து வர வேண்டும்; நிலம் மாநிலத்திடமிருந்து வர வேண்டும்; எந்த இடம் எதற்கு என்னும் வரைபடம் ஊராட்சி மன்றத்தின் கையில் உள்ளது. இம்மூவருள் ஒருவர் தாமதித்தாலும் கட்டடம் எழாது. மக்கள் கேட்கும்போது ஒருவர் மற்றவரைக் காட்டுவதும் எளிது.

அரசியலமைப்பின் 83-ஆம் விதி இம்முடிச்சை அவிழ்க்க ஒரு வழி தருகின்றது. தனியார்க்கு வழங்கப்படாத மாநில நிலம் கூட்டரசுப் பணிக்குத் தேவையெனில், மாநில அரசோடு கலந்து, அதனைத் தருமாறு கூட்டரசு கேட்கலாம். தோட்ட நிலமோ பெரும்பாலும் தனியார்க்கு உரியது. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்பாக மாறும் வேளையில், பள்ளிக்கும் கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் இடம் கேட்பது போலவே காவல் நிலையத்துக்கும் குடியிருப்புக்கும் இடம் கேட்டு ஒதுக்கி வைக்க வேண்டும். வீடுகள் எழுந்து நிலத்தின் விலை உயர்ந்தபின் கேட்டால், சந்தை விலை கொடுத்தே பெற வேண்டிவரும்.

இதில் ஊராட்சி மன்றத்தின் கடமை சிறிதன்று. கோலசிலாங்கூர் மாவட்ட மன்றம் 2021-இல் நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்டத்தின் வரைவைப் பொதுமக்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். மக்கள் குறித்த காலத்துக்குள் எழுத்து மூலம் தம் மறுப்பையும் கருத்தையும் தெரிவிக்கலாம். தோட்டப்புறத்து மக்களுள் இவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் சிலரே. வரைவு வெளியாகும் செய்தி அவர்களுக்கு எட்டுவதற்குள் காலம் கடந்துவிடுகின்றது.

மன்ற உறுப்பினரை மக்கள் தேர்ந்தெடுக்கும் முறையும் இப்போது இல்லை. 1951-இல் ஜார்ஜ்டவுனில் தொடங்கிய ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதனை ஆராய அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆதி நாகப்பன் என்னும் தமிழர். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே வேண்டும் என்று அவ்வாணையம் 1968-இல் பரிந்துரைத்தது. எனினும், 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் உறுப்பினரை மாநில அரசு நியமிக்கும் முறையையே நிலைநாட்டியது. வாக்குச்சீட்டால் கேட்க இயலாததை மனுவால் கேட்க வேண்டியிருக்கின்றது. அம்மனு சரியான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டியது அதனால் இன்னும் முக்கியமாகின்றது.

வரைவுத் திட்டத்தில் இடம் குறிக்குமாறு நகராண்மைக் கழகத்துக்கு எழுத வேண்டும். நிலத்தை ஒதுக்குமாறு சட்டமன்ற உறுப்பினர் வழியாக மாநில அரசைக் கேட்க வேண்டும். கட்டடத்துக்கும் ஆளுக்கும் பணம் ஒதுக்குமாறு நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகக் கூட்டரசைக் கேட்க வேண்டும். மாவட்டக் காவல் தலைமையகத்துக்கும் ஒரு படி அனுப்புதல் நன்று. ஊரில் இம்மனுக்களை எழுதித் தரத்தக்கவர் பெரும்பாலும் ஆசிரியரே. தோட்டத்து மக்களுக்கு ஆசிரியர் கடிதம் எழுதித் தந்த காலம் ஒன்றுண்டு. அத்தொண்டுக்கு இன்னும் தேவை இருக்கின்றது.

மனுவில் எழுத வேண்டியது கட்டடத்தின் அழகைப் பற்றியன்று. முறையிட வரும் பெண்ணுக்குத் தனி அறை உண்டா, காத்திருக்கும் முதியவர்க்கு இருக்கை உண்டா, பேருந்தில் வருபவர் நடந்து சேரும் தொலைவில் நிலையம் உள்ளதா, காவலர் குடும்பத்துக்கு ஒழுகாத கூரை உண்டா என்னும் நான்கு கேள்விகளையே எழுத வேண்டும். மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், வாய்மொழியாகத் தரும் முறையீட்டை எழுதிக்கொண்டு, தந்தவர்க்கு அதனைப் படித்துக் காட்ட வேண்டும் என்று விதிக்கின்றது. படித்துக் காட்டுவதை அவர் அமைதியாக அமர்ந்து கேட்கவும், பிழையிருந்தால் அஞ்சாது திருத்தச் சொல்லவும் ஓர் இடம் வேண்டும். அவ்விடம் இல்லாத ஊரில் அச்சட்டம் ஏட்டில் மட்டுமே இருக்கும்.